கூடு விட்டுக் கூடு பாய்தல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்)

விக்கிரமாதித்தன் கதையில் வரும் கூடு விட்டுக் கூடு பாயும் வித்தையைக் கேட்டு வியக்காதவர் நம்மில் யார்? அவ்வித்தை நம் ஆய்வுக்கூடத்திலும் நடக்கிறது என்றால் தோழர்கள் நகைக்கக்கூடும். மெய்நிகர் இயந்திரம் என்பது ஒரு கணிப்பொறிக்குள் கோப்பு வடிவில் வாழும் இன்னொரு கணிப்பொறி. தாங்கி நிற்கும் சர்வர் பழுதானால், அக்கோப்பை வேறொரு சர்வரில் ஏற்றி எழுப்பலாம். 1972இல் ஐ.பி.எம். அறிவித்த வி.எம்./370 முதல் லினக்ஸின் கே.வி.எம். வரை ஐந்து மதிப்பெண்ணுக்கு அழகாக எழுதிவிடுகிறோம். ஆனால் எழுப்பிப் பார்த்தவர் எத்தனை பேர்?

சென்ற பருவத்தில் செய்முறைத் தேர்வுக்கு ஆறே நாள் இருக்கையில் எங்கள் சர்வரின் மதர்போர்டு போயிற்று. நாற்பத்தாறு பேரின் நிரல்களும் அதிலிருந்த ஒரே மெய்நிகர் இயந்திரத்தில்! காப்புப்பிரதி இருக்கிறது, கவலை வேண்டாம் என்றார்கள். வெள்ளிதோறும் எடுத்தது உண்மைதான். வேறு கணிப்பொறியில் ஏற்றினோம், எழவில்லை.

காரணம் இதுதான். எங்கள் வட்டு ஒரே கோப்பு அன்று. அடிப்படைக் கோப்பு ஒன்று. அதன்பின் நேர்ந்த மாற்றங்களை மட்டும் தாங்கிய மேற்கோப்பு இன்னொன்று. வாரந்தோறும் நகலெடுத்தது மேற்கோப்பை மட்டுமே. பழுதான சர்வரின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, இரு கோப்புகளையும் எடுத்து, பழைய பாதையிலேயே வைத்த பின்தான் இயந்திரம் கண் விழித்தது. அப்போதும் வலையிணைப்பு இல்லை! அமைப்புக் கோப்பின் நகல் இல்லாததால் அதைப் புதிதாக எழுதியிருந்தோம். மேக் முகவரி மாறிவிட்டது. பழைய முகவரிக்கென ஒதுக்கிய ஐ.பி. எண் கிடைக்கவில்லை. இரண்டு நாள் ஓடிவிட்டது. அந்த டிஸ்க்கும் போயிருந்தால்?

பெரிய இடங்களும் தப்பவில்லை. பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் 2021 மார்ச் 10ஆம் நாள் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, காப்புப்பிரதியையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் இழந்தனர். என் தாய் பள்ளிக்கூடம் போகாதவர். ஆயினும் என் மதிப்பெண் பட்டியலின் நகல் ஒன்றை அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். எங்கள் வீடு கூரை வீடு.

ஆகவே, வேறொரு கணிப்பொறியில் எழுப்பிப் பார்க்காத பிரதியைக் காப்புப்பிரதி என்று அழைப்பதே தவறு என்பது என் தாழ்மையான கருத்து. பருவத்துக்கு ஒருமுறை இதைச் செய்முறைப் பயிற்சியாகவே வைக்க வேண்டும். மாணவர் கை பட்டால் சர்வர் கெட்டுவிடும் என்று ஆசிரியப் பெருமக்கள் அஞ்சலாம். நகலில்தானே பழகப் போகிறோம், மூலத்துக்கு என்ன கேடு? பயிற்சிக் கணிப்பொறியின் வலைக்கம்பியை மட்டும் பிடுங்கிவிட வேண்டும். ஒரே முகவரியோடு இரண்டு இயந்திரங்கள் எழுந்தால் வலையில் குழப்பம்தான். ஆய்வுக்கூடத்தின் கடைசி வரிசையில், சன்னலோரம், ஒரு கணிப்பொறி சும்மாதான் கிடக்கிறது. அதைத் தந்தாலே போதும்.