புகார் சொன்ன அன்றிரவு

நாங்குநேரியைப் பற்றி நம் துறைக் கூட்டங்களில் பேச்சு எழும்போதெல்லாம் சாதி என்ற சொல்லோடு அது முடிந்துபோகிறது. அந்தச் சொல் பொய்யில்லை. ஆனால் நிகழ்ச்சிகள் நடந்த வரிசை பள்ளி ஆலோசகர்களாகிய நமக்கு வேறொன்றையும் காட்டுகிறது. வள்ளியூரில் பிளஸ் 2 படித்த தலித் மாணவர் ஒருவர், சக மாணவர்களின் வசைக்கும் ஏவலுக்கும் அஞ்சிச் சில நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. பள்ளி விசாரித்தது. அவர் நடந்ததைச் சொன்னார், எழுதியும் கொடுத்தார். 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் இருந்த அவர் வீட்டுக்குள் புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பிடிபட்டவர்களும் சிறுவர்களே. நமது பயிற்சி வகுப்புகள் வலியுறுத்துகிற எல்லாமே இங்கே நடந்திருந்தது என்பதுதான் உறுத்துகிறது. பிள்ளை வராததைக் கவனித்தார்கள், காரணம் கேட்டார்கள், பிள்ளையும் வாய் திறந்தது. ஆபத்து அதற்குப் பிறகு வந்தது.

பத்து ஆண்டுகளாக நமது உழைப்பில் பெரும்பகுதி பிள்ளைகளைப் பேச வைப்பதில் செலவாகியிருக்கிறது. 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டி, குழந்தைகள் உதவி எண் 1098, கல்வி உதவி எண் 14417, மனநலச் சேவைக்கான 14416 எல்லாம் அதற்கான வாசல்கள். அவை தேவை. ஆனால் வாசலைத் தாண்டி வந்த பிள்ளையை அன்று மாலை எங்கே அனுப்புவது என்பதற்கு நம்மிடம் எழுதப்பட்ட நடைமுறை இல்லை. தூத்துக்குடிக் கரையில் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பில், குளியாளி கயிற்றை அசைத்ததும் இழுக்கவென்றே தோணியில் ஓர் ஆள் நின்றிருப்பார். அந்த ஆள் இல்லாமல் யாரும் கடலில் இறங்கியதில்லை. பிள்ளைகளிடம் அசைக்கச் சொல்லிக் கயிற்றைக் கொடுத்துவிட்டோம், மேலே யார் நிற்பது என்று முடிவு செய்யாமலே. புகாருக்குப் பிந்தைய முதல் சில நாட்களின் பாதுகாப்பை ஆலோசனைப் பணியின் முதல் கட்டமாகவே கொள்ள வேண்டும் என்பது இந்த இதழின் நிலைப்பாடு.

நம்மில் பலர் இன்றும் செய்வது சமரசம். இரண்டு பையன்களையும் எதிரெதிரே உட்கார வைத்து, கை குலுக்கச் சொல்லி, 'அறிவுரை கூறி அனுப்பப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதுவது. இது ஏன் தோற்கிறது என்பதற்கு நார்வே நாட்டு உளவியலாளர் டான் ஓல்வேயஸின் வரையறையே விளக்கம் தருகிறது. வேண்டுமென்று செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவரின் பலமும் சமமாக இல்லாதது ஆகிய மூன்றும் சேர்ந்ததே துன்புறுத்தல் என்றார் அவர். சமரசம் சமமானவர்களுக்கு இடையிலான சண்டைக்கு உரிய மருந்து. பலம் சமமில்லாத இடத்தில் அது, புகார் சொன்னவன் யார் என்பதை மற்றவனுக்கு அடையாளம் காட்டுகிறது. ஆய்வாளர்கள் டோஃபியும் ஃபாரிங்டனும் 2011-இல் 44 மதிப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பள்ளித் திட்டங்கள் துன்புறுத்தலைச் சராசரியாக 20 முதல் 23 விழுக்காடு குறைத்திருந்தன. விளையாட்டிடக் கண்காணிப்பும் பெற்றோர் கூட்டங்களும் நல்ல விளைவோடு சேர்ந்திருந்தன. சக மாணவர்களை நடுவில் வைத்துச் செய்த வேலைகளோ பாதிப்பு கூடியதோடு சேர்ந்திருந்தன. மேலை நாட்டு ஆய்வுதானே என்று இதை ஒதுக்க முடியாது. அங்கே பலம் பெரும்பாலும் வகுப்பறைக்குள் உருவாவது. இங்கே அது ஊரிலிருந்து, சாதியைக் காட்டக் கையில் கட்டிய கயிற்றின் நிறத்தோடு வருகிறது. அந்த ஆய்வின் எச்சரிக்கை நமக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.

ஊரிலிருந்து வருவது ஊருக்கே திரும்பியும் போகிறது. 2025 மார்ச்சில், தூத்துக்குடி மாவட்டத்தில் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் பேருந்தில் சென்ற பிளஸ் 1 மாணவரை வழிமறித்து வெட்டினார்கள், கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டி ஒன்றில் பிறந்த பகை என்றார்கள் குடும்பத்தார். அது பள்ளி வளாகத்தில் நடக்கவில்லை. நமது கண்காணிப்போ வாயிற்கதவோடு நின்றுவிடுகிறது. 'நாளை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா' என்பதும் இந்த மாவட்டத்தில் அவ்வளவு எளிதல்ல. தூத்துக்குடி விசைப்படகில் போகும் தந்தை விடியற்காலையில் இறங்கினால் இரவில்தான் கரை சேர்வார். தருவைகுளத்து ஆழ்கடல் படகு என்றால் நாட்கணக்கில் வரமாட்டார். உப்பளத்துக்குப் போகிறவர்கள் பொழுது விடியுமுன்னே கிளம்பிவிடுவார்கள். பிள்ளை தனியாக இருக்கும் நேரம் எது என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும், பள்ளிக்குத்தான் தெரியாது.

இது காவல்துறையின் வேலை, நாம் ஏன் தலையிட வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. வெட்டு விழுந்த பிறகு அது காவல்துறையின் வேலைதான். அதற்கு முந்தைய வாரங்களில் பிள்ளை பேசும் மொழி எந்தச் சட்டப் பிரிவிலும் அடங்காது. 'சும்மா வெளாட்டுக்கு ஏசுதான் சார்' என்பான். துன்புறுத்தல் என்ற நமது அச்சுச் சொல்லை எந்தப் பிள்ளையும் வாயால் சொல்வதில்லை. அந்த வாக்கியத்தின் கனத்தை எடைபோடப் பயிற்சி பெற்றவர் காவலர் அல்லர். குற்றம் சாட்டப்பட்டவனும் சிறுவன், அவன் தரப்பையும் கேட்க வேண்டாமா என்ற மறுப்பு இதைவிட வலுவானது. கட்டாயம் கேட்க வேண்டும். அரிவாள் எடுக்கும் பதினாறு வயதுப் பையனும் நம்மிடம் வந்திருக்க வேண்டியவனே; அவன் கோபத்துக்குத் தீனி போட்ட பெரியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. புகார் தந்தவரின் வழித்துணையும் வீட்டுப் பாதுகாப்பும் உறுதியான பிறகு, தனியாக, பெயர் சொல்லாமல், முடிந்தால் ஆசிரியர் நேரில் கண்டதை வைத்தே கேட்கலாம். ஒரு நாள் தாமதத்தால் அவனுடைய உரிமை எதுவும் பறிபோகாது. சின்னச் சீண்டலுக்கெல்லாம் இவ்வளவு ஏற்பாடா என்பதில் நியாயம் இருக்கிறது. எல்லாப் புகாருக்கும் வேண்டியதில்லை. சாதிப் பெயர், ஊர்ப் பெயர், கும்பல், அச்சத்தால் விடுப்பு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் வேண்டும்.

இனி ஆள் பற்றாக்குறை. நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் 610 பக்க அறிக்கை தந்தது. வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம் ஆகியவற்றைப் பற்றியே வெளியே அதிகம் விவாதித்தார்கள். நமக்கு நெருக்கமான பரிந்துரை, 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் பள்ளி நல அலுவலர். உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ நியமிக்கச் சொன்னது; அதற்குக் குறைந்தவை வெளி வல்லுநர்களோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். வேம்பார் முதல் பெரியதாழை வரை, அந்த எண்ணிக்கையை எட்டாத சிறு பள்ளிகளில் இருக்கப்போவது தலைமையாசிரியரும் ஒரு தொலைபேசி எண்ணும்தான். முதல் இரவைக் கடக்க அது போதும், அந்த எண்ணை எடுக்கும் ஆள் மாவட்ட மனநலத் திட்டத்தில் இருந்தால். புகார்ப் படிவத்தையும் மாற்றியாக வேண்டும். இப்போது அது என்ன நடந்தது என்ற கேள்வியில் தொடங்குகிறது. அதற்கும் மேலே ஒரு கட்டம் வர வேண்டும்: இன்று மாலை பிள்ளையைக் கூட்டிப் போகிறவர் யார், எத்தனை மணிக்கு, எந்தப் பேருந்தில்.