எண்கள் மதிப்பெண்கள் அல்ல: சூப்பர்சார்ஜர் எஞ்சினின் பிளக்கும் ஆயிலும்

எண் கூடினால் தரமும் கூடும் என்னும் நம்பிக்கை மதிப்பெண் பட்டியலில் பிறந்து, பெங்களூரு ஜே.சி. சாலையின் உதிரிபாகக் கடைகள் வரை வந்து சேர்ந்திருக்கிறது. சூப்பர்சார்ஜர் பொருத்திய எஞ்சினை டிராக் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்யும் பொறியியல் மாணவர் கடைக்காரரிடம் கேட்கும் முதற்கேள்வி, "இருப்பதில் எது சிறந்தது?" என்பதே. அந்தக் கேள்வியே பிழையானது. ஸ்பார்க் பிளக்கில் பொறித்த எண்ணும் ஆயில் டப்பாவில் அச்சிட்ட எண்ணும் தரவரிசையைச் சொல்வன அல்ல. அவற்றை அவ்வாறு வாசிப்பவர் தரும் விலை உருகிய பிஸ்டன். சில வேளைகளில் பின்சக்கரத்தின்மேல் கொட்டிய எண்ணெயும் ஓட்டுபவரின் எலும்பும்.

முதலில் பிளக். "ஹாட் பிளக்", "கோல்டு பிளக்" என்னும் சொற்களைக் கேட்பவர், முன்னது சூடான பொறியைத் தரும் என்றே எண்ணுகிறார். பொறிக்கும் இப்பெயர்களுக்கும் தொடர்பே இல்லை. நடு மின்வாயைச் சூழ்ந்த பீங்கானின் நுனி நீளமாக இருந்தால், வெப்பம் உலோக உடலை அடைந்து வெளியேற நெடுவழி செல்ல வேண்டும். நுனி சூடாகவே நிற்கும். அது ஹாட் பிளக். நுனி குட்டையானால் வெப்பம் விரைந்து இறங்கிவிடும். அது கோல்டு பிளக். நுனியின் வெப்பநிலை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் கரி எரிந்து நீங்காமல் படியும். 850 டிகிரியைத் தாண்டினால் பொறி வருமுன்னரே நுனியின் தகிப்பே கலவையைக் கொளுத்திவிடும்.

சூப்பர்சார்ஜர் எரியறைக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. அழுத்தமும் வெப்பமும் உயர்கின்றன. ஆகவே, இயல்பு நிலைக்கெனத் தயாரிப்பாளர் பரிந்துரைத்த பிளக் அங்கே பொருந்தாது. ஏறத்தாழ 75 முதல் 100 குதிரைத்திறன் கூடும்போது ஒருபடி குளிர்ந்த பிளக்குக்கு மாறுவது தொழில் வழக்கு. அடர்ந்த கலவையில் பொறி தாவுவதற்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும் என்பதால் மின்வாய் இடைவெளியையும் குறைக்கிறார்கள். ஆனால் "குளிர்ந்ததே பாதுகாப்பு" என்பதும் மூடநம்பிக்கைதான். மிகக் குளிர்ந்த பிளக், தொடக்கக் கோட்டில் காத்திருக்கும் சில நிமிடங்களிலேயே கரி பிடித்துப் பொறி தவறும்.

இனி எண்ணுக்கு வருவோம். என்.ஜி.கே. நிறுவனத்தின் குறியீட்டில் எண் கூடினால் பிளக் குளிரும். சாம்பியன் குறியீட்டில் எண் கூடினால் பிளக் சூடாகும். பெங்களூரில் 1951ஆம் ஆண்டின் மைக்கோ நிறுவனத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 2008இல் அது போஷ் என்று பெயர் மாறியபின்னும் மைக்கோ லேஅவுட் என்னும் இடப்பெயர் நிலைத்திருக்கிறது. அந்தப் போஷ் மரபின் பழைய குறியீட்டில் 175ஐவிட 225 குளிர்ந்தது. பின்வந்த குறியீட்டில் 7ஐவிட 4 குளிர்ந்தது. ஒரே நிறுவனத்தின் எண்வரிசையே திசை மாறியிருக்கிறது. என்.ஜி.கே.யில் பழகியவர் அதே பழக்கத்தில் போஷ் பிளக்கின் எண்ணை ஏற்றினால், குளிர்ந்ததை வாங்குவதாக நினைத்துச் சூடானதை வாங்குவார். குறியின் மதிப்பு அது இருக்கும் அமைப்பிலிருந்தே பிறக்கிறது என்பது மொழியியல் முதற்பருவத்தில் சசூரின் பெயரால் கற்பிக்கப்படும் பாடம். தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் பெறுவோரும் கடை வாசலில் அதை மறந்துவிடுகிறார்கள்.

ஆயிலின் கதையும் இதுவே. 20டபிள்யூ-50 என்பதில் 50 என்னும் எண் 100 டிகிரியில் அந்த ஆயிலின் பாகுநிலை எந்த வகுப்பில் அடங்கும் என்பதைக் குறிக்கிறது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிப்பது. 50 என்பது 30ஐவிடத் தடித்தது, அவ்வளவே. தடித்த ஆயில் கடும் சுமையில் தாங்கிகளுக்கு இடையே படலத்தைக் காக்கும். அதற்கு ஈடாக எஞ்சினின் ஆற்றலில் ஒரு பகுதியைத் தின்னும். எது வேண்டும் என்பதை எரிபொருள் முடிவு செய்கிறது. ஒரே அளவு காற்றுக்குப் பெட்ரோலைவிட இருமடங்குக்கு மேல் மெத்தனால் தேவைப்படுகிறது. எரியாத மிச்சம் வளையங்களைக் கடந்து ஆயிலை நீர்த்துப்போகச் செய்கிறது. அமெரிக்காவின் டாப் ஃபியூவல் வண்டிகள் நைட்ரோமீத்தேனை எரித்து 10,000 குதிரைத்திறனுக்கு மேல் தருகின்றன. அங்கே மிகத் தடித்த ஆயிலை ஊற்றி, ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் மாற்றிவிடுகிறார்கள். அதைப் பார்த்துப் பெட்ரோல் பைக்கில் அதே ஆயிலை ஊற்றுவது வெறும் வேடம்.

"புதிய தரச் சான்று உள்ளதே மேல்" என்பாரும் உண்டு. 2004இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரம், புகைக்குழாயின் வினையூக்கி மாற்றியைக் காப்பதற்காக, மெல்லிய வகை ஆயில்களில் பாஸ்பரசை 0.08 விழுக்காட்டுக்குள் நிறுத்தியது. தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மம் அதனோடு சேர்ந்து குறைந்தது. தட்டையான டேப்பெட் உள்ள பழைய பந்தய எஞ்சினுக்கு அந்தப் புதுமை தீமையே. கவாசாகி நிஞ்சா எச்2 போன்ற சூப்பர்சார்ஜர் பைக்கிலோ, எஞ்சினையும் சூப்பர்சார்ஜரையும் கியர்களையும் ஒரே ஆயில் நனைக்கிறது. கிளட்சும் ஆயிலிலேயே மூழ்கியிருக்கிறது. உராய்வு குறைக்கும் சேர்மம் கலந்த விலையுயர்ந்த கார் ஆயிலை அதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். அங்கே தேட வேண்டியது ஜேசோ எம்.ஏ. என்னும் குறி.

இடமும் கணக்கில் வரும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் சுழற்சியால் இயங்கும் சூப்பர்சார்ஜர், சுற்றியுள்ள காற்றழுத்தத்தையே பெருக்குகிறது. பெங்களூரில் சரிசெய்த அதே எஞ்சின் இருங்காட்டுக்கோட்டைக்கு இறங்கினால் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடுதல் காற்றை விழுங்கும். அங்கே பிளக்கை மறுபடி வாசித்தாக வேண்டும். முழு வேகத்தில் எஞ்சினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றி உருப்பெருக்கியில் பார்க்கும் மெக்கானிக், பீங்கானின் வெண்மையையும், ஒட்டியிருக்கும் அலுமினியத் துகள்களையும், மின்வாயில் நிறம் மாறிய கோட்டையும் கொண்டு எரியறைக்குள் நடந்ததை அறிகிறார்.

இதை "ஒர்க்‌ஷாப் விஷயம்" என்று ஒதுக்கும் கல்விப்புலத்துக்கு ஒரு கேள்வி உண்டு. தடயத்திலிருந்து காரணத்தை உய்த்துணரும் இந்த வாசிப்பு, கல்வெட்டு வாசிப்புக்கு எவ்வகையில் தாழ்ந்தது? கலைச்சொல் ஆக்குவோருக்கும் ஒரு கேள்வி. "தீப்பொறிச் செருகி" என்று பெயரிட்டதோடு கடமை முடிந்ததா? ஹாட் பிளக்கைச் "சூடான பிளக்" என்று பெயர்த்தால், ஆங்கிலச் சொல்லின் குழப்பம் அப்படியே தமிழுக்கு வந்துவிடும். "சூடு காக்கும் பிளக்", "சூடு கடத்தும் பிளக்" என்று சொன்னால் முதலாண்டு மாணவருக்கும் பொருள் தவறாது. பிளக் என்னும் கடன்சொல் அப்படியே இருக்கட்டும். தெளிவாக வேண்டியது வினை.

கடைக்குச் செல்லும் மாணவர் "எது சிறந்தது?" என்பதைக் கைவிட்டு, தம் எஞ்சினைப் பற்றிய விடைகளோடு செல்லட்டும்: எரிபொருள் எது, சூப்பர்சார்ஜர் எவ்வளவு அழுத்தம் தருகிறது, ஓட்டம் எத்தனை நொடி, கிளட்ச் ஆயிலில் மூழ்கியதா, பந்தயம் எந்த ஊரில். அவற்றைச் சொல்லத் தெரியாதவருக்கு எந்த எண்ணையும் விற்கலாம், விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.