ஏழு வெற்றியை விஞ்சிய ஐந்து

2025 அமெரிக்க சூப்பர்கிராஸ் மோட்டார் சைக்கிள் பந்தயப் பட்டம் இரண்டே புள்ளிகளில் முடிவானது. 17 சுற்றுகளில் கேடிஎம் வீரர் சேஸ் செக்ஸ்டன் ஏழு பந்தயங்களை வென்றார். யமஹா வீரர் கூப்பர் வெப் வென்றது ஐந்துதான். பட்டமோ வெப்புக்கு! அதிகம் ஜெயித்தவருக்கு அநீதி என்கிறார்கள் சிலர். வெற்றிக்கு 25, இரண்டாமிடத்துக்கு 22 என மூன்றே புள்ளி வித்தியாசம் இருப்பது போதாது என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் மண்மேடுகளில் தாவிப் பறக்கும் இந்த விளையாட்டில் ஒரு சறுக்கல் பருவத்தையே பறித்துவிடும். முந்தைய ஆண்டின் சாம்பியன் ஜெட் லாரன்ஸ் நான்காவது சுற்றிலேயே முழங்கால் காயத்தோடு விலகினார். விழாமல், மோசமான நாளிலும் புள்ளி சேர்ப்பது வேகத்துக்குச் சற்றும் குறையாத திறமை. எட்டு ஆண்டு முகலாய முற்றுகையைத் தாங்கிய கோட்டை ஊரான செஞ்சிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த நிதானம் பயிற்சித் தடத்தில்தான் வரும். நெடுஞ்சாலைச் சாகசத்தில் வராது. ஆனால் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் இருக்கும் பந்தயத் தடங்கள் தார்த்தடங்கள். உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்ட கோட்டை மலைகளைத் தொடாமல், செஞ்சி வட்டார இளைஞர்களுக்குப் பாதுகாப்பான மண்தடம் ஒன்றை அரசு அமைத்துத் தர வேண்டும்.