கல்லுப்பைக் கரைத்தால் கடலாகிவிடுமா?

மாட்டுக்குக் கோமாரி என்றால் தென்காசியில் ஊசி போட ஆள் உண்டு. ஆட்டுக்கு வயிறு ஊதினால் பக்கத்து வீட்டுப் பாட்டியே கைவைத்தியம் சொல்லிவிடுவார். நட்சத்திர மீனுக்குக் கை அழுகினால் யாரிடம் போவது? கொஞ்ச நாளாக இதைத்தான் கேட்டு அலைந்துகொண்டிருக்கிறேன்.

தம்பி மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக யாரோ வாங்கிக் கொடுத்தது. சாம்பல் உடம்பு, முதுகெல்லாம் சிவப்புக் குமிழ்கள். மன்னார் வளைகுடாவில் இழுவை வலையில் நண்டோடும் இறாலோடும் சேர்ந்து மாட்டுகிற வகைதான். காய்ந்துபோனது என்றால் ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் சங்குக் கடைக்குப் போகும். இது உயிரோடு பாலித்தீன் பையில் ஏறி மலையடிவாரம் வரை வந்துவிட்டது. விற்றவர் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: "உப்புத் தண்ணியில போட்டு வைங்க, அது பாட்டுக்குக் கிடக்கும்."

அது பாட்டுக்கு எங்கே கிடக்கிறது? ஒரு கையின் நுனி வெளுத்து, புண்ணாகி, தோல் கரைகிறது. கண்ணாடியில் ஏறினால் பிடிமானம் இல்லாமல் சரிந்து விழுகிறது. நன்றாக இருக்கும் நட்சத்திர மீன் கவிழ்ந்தால் சில நிமிடங்களில் தானே புரண்டுகொள்ளும். இது மல்லாந்தபடியே கிடக்கிறது. அப்போதுதான் அதன் அடிப்பக்கத்தைச் சரியாகப் பார்த்தேன். ஒவ்வொரு கையின் நடுவிலும் ஒரு பள்ளம், பள்ளம் நெடுக நூல் நூலாகக் குழாய்க்கால்கள். நல்ல கைகளில் அவை நீண்டு நீண்டு எதையோ துழாவுகின்றன. புண்பட்ட கையில் பாதிக்கு மேல் அசைவே இல்லை. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

இந்தப் பிராணிக்கு நம்மைப் போல ரத்தம் கிடையாது. அந்தக் குழாய்க்கால்களை நீட்டி மடக்குவதே உள்ளே ஓடுகிற கடல்நீர்தான். வெளியே உப்பு குறைந்தால் உள்ளேயும் குறையும். தடுத்துச் சமாளிக்கிற சக்தி அதற்கு இல்லை. இதை ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை.

மதினி வந்து பார்த்துவிட்டு, "ஐந்தருவித் தண்ணி ஒரு கேன் பிடிச்சு ஊத்துங்க. மூலிகைத் தண்ணி. மனுசனுக்கே சீக்கு போகுது, இதுக்குப் போகாதா?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். குற்றாலத்துத் தண்ணீர்மேல் எனக்கும் நம்பிக்கை உண்டு, சாரல் காலத்தில் நானும் போய்க் குளிக்கிறவள்தான். ஆனால் அது உப்பே இல்லாத மலைத் தண்ணீர். அதைக் கேன் கேனாக இந்தத் தொட்டியில் கவிழ்ப்பது விஷம் ஊற்றுவதற்குச் சமம். ஆடிக்காற்றில் தொட்டி நீர் ஆவியாகிக் குறையும்போது, குறைந்த அளவுக்கு மட்டும் சிறுகச் சிறுக நல்ல தண்ணீர் சேர்க்கலாம். அவ்வளவுதான்.

இன்னொருவர் கல்லுப்பு வாங்கிவந்து கொடுத்தார். தூத்துக்குடி உப்பாச்சே, கடலிலிருந்து வந்ததுதானே என்று வாதம். உப்பளத்தில் சாப்பாட்டு உப்பு படிந்ததும், மிஞ்சுகிற கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். மக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் அந்த நீரோடு போய்விடும். கல்லுப்பைக் கரைத்தால் உப்புக் கரைசல் கிடைக்கும், கடல் கிடைக்காது. தொட்டிக்கென்றே விற்கிற கடலுப்புக் கலவையை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கரைக்க வேண்டும். 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரைக் கிலோ. இல்லையென்றால் கிழக்கே தூத்துக்குடிக்கோ மேற்கே கொல்லத்துக்கோ போய்க் கேனில் பிடித்து வர வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்.

மருந்து கேட்டுப் போனால் மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் விடுகிற நீல மருந்தை எடுத்து நீட்டுகிறார்கள். அதில் மயில்துத்தம் இருக்கிறது. செம்பு கலந்த மருந்தை மீன் ஒருவேளை தாங்கும். நட்சத்திர மீன், கடல் அட்டை போன்ற முதுகெலும்பில்லாத உயிர்கள் செத்தே போகும். நான் மருந்துப் பெட்டியில் இருந்ததைப் படித்துப் பார்க்காமல் விட்டிருந்தால்?

"பேசாம கடல்ல கொண்டுபோய் விட்டிருங்க" என்பது கடைசி யோசனை. எங்கெங்கிருந்தோ வந்த மீன்களோடு ஒரே தொட்டியில் கிடந்து சீக்குப் பிடித்ததை எந்தக் கடலில் விடுவது? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986இல் தேசியப் பூங்கா ஆக்கிக் காப்பாற்றி வருகிறோம். அங்கே கொண்டுபோய் இந்தக் கிருமியையும் சேர்த்து விடவா?

நோயைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று நான் யாரிடமும் பிடிவாதம் பிடிக்கவில்லை. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் 2013இலிருந்து நட்சத்திர மீன்கள் கோடிக்கணக்கில் கரைந்து செத்தன. சூரியகாந்தி நட்சத்திர மீன் என்கிற பெரிய இனத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போய்விட்டது. அந்த இனத்தைக் கொன்றது விப்ரியோ பெக்டெனிசிடா என்கிற பாக்டீரியா என்று 2025இல்தான் விஞ்ஞானிகள் உறுதி செய்தார்கள். அவர்களுக்கே பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நான் கேட்பது ஆராய்ச்சி இல்லை, அடிப்படை. மண்டபத்தில் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் எப்போதோ வந்தாயிற்று. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் இத்தனை பக்கத்தில் இருந்தும், அதில் ஒரு வரிகூட பையைக் கட்டிக் கொடுக்கிற கை வரைக்கும் வந்து சேரவில்லையே!

இப்போதைக்குத் தனித்தொட்டி, சீரான உப்பு, 25 டிகிரியை ஒட்டிய சூடு, துளி இறால் துண்டு. புண் நடுவட்டு வரை ஏறாவிட்டால் அந்தக் கை உதிர்ந்தாலும் மறுபடி முளைக்கும்.

நேற்று உப்பு வாங்கப் போனபோது அதே கடையில் புதிதாக வந்த பைகள் வரிசையாகத் தொங்கின. வாங்குகிறவர்களிடம் உப்பு அளவு சொல்கிறீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் யாருக்கா கேக்கா?" என்றான் கடைப் பையன். நான் கேட்கிறேன். லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு, என்ன தின்னும், எந்த மருந்து ஆகவே ஆகாது: இந்த மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் ஒட்ட எவ்வளவு நேரமப்பா ஆகும்?