ஃபுளோரிடா: காடு காக்கும் ஆளுநரா?

அமெரிக்காவில் மாநில ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். நமது முதலமைச்சரைப் போல நிர்வாக அதிகாரம் உள்ளவர்.

ஃபுளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸ், 2021இல் காட்டுயிர் வழித்தடச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பூமா இனத்தைச் சேர்ந்த ஃபுளோரிடா பாந்தர் போன்ற விலங்குகள் நடமாட, சுமார் 1.8 கோடி ஏக்கர் நிலத்தைத் துண்டுபடாமல் காப்பதே இதன் நோக்கம். பாராட்டத்தக்க சட்டம்தான்.

ஆனால் 2024 ஆகஸ்டில் அவரது நிர்வாகமே ஒன்பது மாநிலப் பூங்காக்களில் கோல்ஃப் மைதானம், 350 அறைகள் கொண்ட விடுதிகள் எனத் திட்டம் போட்டது. அவரது சொந்தக் குடியரசுக் கட்சியினரே எதிர்த்ததால் சில நாட்களிலேயே பின்வாங்கினார். இத்தகைய கட்டுமானங்களைத் தடுக்கும் சட்டத்தை மாநில சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. 2025 மே மாதம் அதில் கையெழுத்திட்டவரும் அவரே!

அடுத்த மாதமே எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் இருந்த பழைய விமான ஓடுதளத்தில், குடியேறிகளை அடைக்கும் முகாம் சில நாட்களில் எழுந்தது. சூழல் அமைப்புகளும் அங்கு வாழும் மிக்கசூக்கி பழங்குடியினரும் நீதிமன்றம் செல்ல வேண்டியதாயிற்று.

வாக்காளர்கள் திரண்டபோது பூங்கா தப்பியது. அடைக்கப்பட்ட குடியேறிகளுக்கோ வாக்கு இல்லை. பழங்குடியினர் எண்ணிக்கையில் சிறியவர்கள். பலமற்றவர்கள் வாழும் இடத்திலும் செல்லுபடியானால்தான் அது நிலப் பாதுகாப்புக் கொள்கை.