நான்கு மணிநேரமும் பதினெட்டு வளைவுகளும்

சென்ற மாதம் ஒரு மாலை, தெல்தெனிய பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள தேநீர்க்கடையில், முன்னர் என்னோடு செய்திப் பிரிவில் பணியாற்றிய இளைஞர் ஒருவரைச் சந்தித்தேன். இன்றும் அவருக்கு இரவுப் பணிதான். வீட்டில் இரு சிறு பிள்ளைகள். பழைய கதைகள் முடிந்ததும் சற்றுத் தயக்கத்தோடு கேட்டார்: "ஐயா, இங்கிருந்து மகியங்கனைக்குச் சைக்கிளில் போய்வர ஆசை. ஆனால் கிழமைக்கு நான்கு மணிநேரத்துக்கு மேல் எனக்குக் கிடைக்காது. விட்டுவிடவா?"

அவர் ஏற்கெனவே பலரிடம் கேட்டிருக்கிறார். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதிலையே தந்திருக்கிறார்கள்: மனம் இருந்தால் நேரம் தானாகக் கிடைக்குமாம். இந்தப் பதிலைப் போல் எனக்கு எரிச்சலூட்டுவது வேறில்லை. விடியற்காலை இரண்டு மணிக்கு வீடு திரும்புகிறவரிடமும், பொழுது புலருமுன் எழுந்து சமைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகும் தோட்டத்துப் பெண்ணிடமும், மனம் போதாது என்று குற்றஞ்சாட்டுவது எந்த வகை நியாயம்? நேரம் எல்லோருக்கும் ஒரே அளவில் பங்கிடப்பட்டதன்று. அந்த உண்மையை ஒப்புக்கொண்ட பிறகுதான் பயிற்சி பற்றிப் பேசுவதில் பயன் உண்டு.

அந்த இளைஞருக்கு நான் சொன்ன பதில் இது: நான்கு மணிநேரம் போதும். ஆனால் அது எப்படிப்பட்ட வீதி என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அறிந்தபின் அந்த நான்கு மணிநேரத்தை அதற்கேற்பப் பிரித்துக்கொள்ள வேண்டும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒருமுறை தோற்றுப்போய்க் கற்றுக்கொண்டேன்.

இந்த வீதியை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். இன்றைய தெல்தெனிய புதிய நகரம். துரித மகாவலித் திட்டத்தின் கீழ், பிரித்தானிய உதவியோடு கட்டப்பட்ட 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது. பழைய நகரம் நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. மக்கள் மேட்டு நிலத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். வரட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் வெளித்தெரிவதுண்டு. இங்கிருந்து கிழக்கே செல்லும் கண்டி - மகியங்கனை வீதி, மெதமகாநுவர வழியாக ஹுன்னஸ்கிரியவுக்கு ஏறுகிறது. கண்டியின் கடைசி மன்னர் சிறீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரியில் பிடிபட்டது இந்த மெதமகாநுவரப் பகுதியில்தான். நாயக்கர் வம்சத்தவரான அவர் வேலூர்க் கோட்டைக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தார். வீதி பின்னர் உடதும்பறையைக் கடந்து, 'பதினெட்டு வளைவு' என்று பெயர்பெற்ற கொண்டையூசி வளைவுகளின் வழியே ஹசலக்கவுக்குச் சடாரென இறங்கி, மகியங்கனைச் சமவெளியில் சேர்கிறது. ஒருவழித் தூரம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மலைநாட்டில் பெரும்பாலான சவாரிகளில் முதலில் ஏறுவோம், களைத்தபின் இறங்கி வீடு சேர்வோம். இங்கே எல்லாம் தலைகீழ். போகும்போது பதினெட்டு வளைவுகளும் காற்றைப்போல் கழிந்துவிடும். திரும்பும்போது, கால்கள் சோர்ந்த பிறகு, வெயில் ஏறிய பிறகு, அதே பதினெட்டையும் மிதித்து ஏறவேண்டும்.

நான் விழுந்தது அந்தப் பொறியில்தான். வார நாட்களில் சைக்கிளைத் தொடாமல், மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கண்டிப் பக்கமாக நீண்ட தூரம் ஓடிவிட்டு, தயாராகிவிட்டேன் என்று எண்ணிப் புறப்பட்டேன். மகியங்கனையை எதிர்பார்த்ததைவிட விரைவாக அடைந்துவிட்டேன். அந்தப் பெருமிதத்தில் ஒரு பணிசும் பிளேன்டீயும் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். வளைவுகளில் பாதி ஏறுவதற்குள் இரு தொடைகளும் பிடித்துக்கொண்டன. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கண்டிக்கு மரக்கறி ஏற்றிச் சென்ற லொறிச் சாரதி ஒருவர் என்னையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டார். வழிநெடுக அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இறக்கிவிடும்போது மட்டும், மலை அங்கேயேதான் இருக்கும், இன்னொரு நாள் போகலாம் என்று சிங்களத்தில் சொன்னார். அந்த வயதில் எனக்குத் தேவைப்பட்ட அறிவுரை அதுவே.

குறைந்த நேரத்தில் உடலைத் தயார்படுத்த முடியுமா என்பது அறிவியலாளர்களும் ஆராய்ந்த கேள்விதான். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலா குழுவினர் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரண்டு வாரங்களில் ஒரு குழு மொத்தம் ஏறத்தாழ இரண்டரை மணிநேரம், இடையிடையே முழுமூச்சாக மிதித்துப் பயிற்சி செய்தது. மற்றக் குழு ஏறத்தாழ பத்தரை மணிநேரம் நிதானமாக மிதித்தது. தசைகளில் ஏற்பட்ட முன்னேற்றமும், சைக்கிள் சோதனையில் கிடைத்த பலனும் இரு குழுவினருக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. நேரமில்லாதவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் பதினாறு பேர்; காலமோ இரண்டே வாரம். ஆறேழு மணிநேரம் இருக்கையில் அமர்ந்திருக்க இடுப்புக்கும், பிடியைப் பற்றியிருக்க உள்ளங்கைக்கும், ஓடிக்கொண்டே உண்ண வயிற்றுக்கும் யார் பழக்கம் தருவது? அதற்கு நீண்ட சவாரியைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே இரண்டும் வேண்டும். நான் பின்னர் கடைப்பிடித்த கணக்கு எளியது. வார நாட்களில் இரண்டு காலைகள், தலா நாற்பது நிமிடம். ஒரு காலையில் நீர்த்தேக்கக் கரைக்கு இறங்கி, அங்கிருந்து நகருக்கு ஏறும் சரிவில் நான்கு நிமிடம் பேச முடியாத அளவுக்கு மிதித்து, மெல்ல இறங்கி, மறுபடியும் ஏறுவது. இப்படி நான்கு முறை. மற்றக் காலையில் சீரான வேகம், அவ்வளவே. மீதியுள்ள இரண்டு மணி நாற்பது நிமிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு. அன்று வேகம் வேண்டியதில்லை. பக்கத்தில் ஒருவர் வந்தால் அவரோடு முழு வாக்கியமாகப் பேசக்கூடிய அளவில் மிதித்தால் போதும். ஞாயிறு சவாரியின் கடைசிப் பகுதியில் ஏற்றம் வரும்படி வழியை அமைத்துக்கொள்வது முக்கியம். களைத்த கால்களால் ஏறிப் பழகவேண்டும் என்பதே அதன் நோக்கம். நான்கு கிழமைகளுக்கு ஒருமுறை பயிற்சியைப் பாதியாகக் குறைத்து உடலை ஆறவிட வேண்டும். இப்படிப் பன்னிரண்டு கிழமைகள்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு மாதந்தோறும் வாய்க்கும் ஒரு வசதி போயா விடுமுறை. பத்திரிகைக்காரருக்கு எல்லாப் போயாவும் விடுமுறையன்று. கிடைப்பதை வீட்டாரின் ஒப்புதலோடு நெடுஞ்சவாரிக்கு ஒதுக்கலாம். முதல் போயாவில் மூன்று மணிநேரம், அடுத்ததில் நான்கு, மூன்றாவதில் ஐந்து. வெசாக் நாளை மட்டும் விட்டுவிடுங்கள். அன்று வீதியெங்கும் கூட்டம். தன்சலுக்குத் தன்சல் நின்று உண்டால் பயிற்சி நடக்காது, வயிறுதான் நிரம்பும்.

உணவைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் என் தொடைகளைப் பிடித்த தவறில் பாதி அதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். நெடுஞ்சவாரியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து தேவை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. பசிக்குமுன் உண்ண வேண்டும். பசித்தபின் உண்பது காலங்கடந்த செயல். மலையில் குளிர்ந்த காலையில் பயிலும் நாம் உலர் வலயத்தின் வெயிலுக்குள் இறங்குகிறோம் என்பதை மறக்கக்கூடாது. இறங்குமுன் போத்தல்களை நிரப்பிக்கொள்ளுங்கள். உப்புச் சேர்ந்த ஏதேனும் கையில் இருக்கட்டும். வளைவுகளில் பிரேக்கை இடைவிடாது பிடித்திருந்தால் சக்கர விளிம்பு சூடேறும். வளைவுக்கு முன்பே பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விடவேண்டும். எதிரே வரும் பஸ்ஸுக்கு உங்கள் பயிற்சி அட்டவணை தெரியாது.

வேகத்தைப் பற்றிய கவலையையும் விடலாம். உலகெங்கும், சென்னை உட்படப் பல இந்திய நகரங்களிலும் நடக்கும் 'பிரெவே' எனப்படும் நெடுந்தூரச் சவாரிகளில் 200 கிலோமீற்றரை முடிக்கப் பதின்மூன்றரை மணிநேரம் தரப்படுகிறது. தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் நிற்கும் நேரமும் அதற்குள் அடக்கம். முதலாவதாக வந்தவருக்குப் பரிசு இல்லை. மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் என்ற அந்தச் சராசரியைத்தான் அங்கே போதுமென்று ஏற்றிருக்கிறார்கள். நாமும் அதற்குமேல் நம்மை வருத்திக்கொள்ளத் தேவையில்லை.

என் கடைசிக் கருத்தைப் பலர் ஏற்கமாட்டார்கள். முதல் நெடும்பயணம் போய்வருவதாக இருக்கவேண்டியதில்லை. நான் இரண்டாம் முறை போனபோது மகியங்கனையில் சவாரியை நிறுத்திக்கொண்டேன். சைக்கிளைப் பஸ்ஸின் கூரையில் கட்டிக்கொண்டு திரும்பினேன். பதினெட்டு வளைவுகளையும் மிதித்து ஏறியது மூன்றாம் முறையில்தான். இடையில் கழிந்தது ஓர் ஆண்டு. கிடைக்கும் நேரத்துக்கு ஏற்பப் பயணத்தைச் சுருக்குவது தோல்வியன்று. ஆசைக்கு ஏற்ப நேரம் இருப்பதாகப் பாவனை செய்வதுதான் ஆபத்து; அதன் முடிவு பெரும்பாலும் ஒரு லொறியின் பின்பக்கம், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

2022இல் எரிபொருள் இல்லாமல் நாடு நின்றபோது, பல ஆண்டுகளாகச் சைக்கிளைத் தொடாதவர்கள்கூட வேலைக்கு மிதித்துப் போனார்கள். அவர்களில் எவரும் அதைப் பயிற்சி என்று அழைக்கவில்லை. ஆனாலும் கால்கள் பழகின. அன்று பழகிய பலர் இன்று அதை விட்டுவிட்டார்கள். அந்த இளைஞரும் அவர்களில் ஒருவர். அலுவலகத்துக்குச் சைக்கிளில் போகும் தூரம் இருந்தால், அந்தப் போக்குவரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். நான்கு மணிநேரம் ஐந்தாகிவிடும். வீட்டில் யாரிடமிருந்தும் ஒரு நிமிடத்தையும் பறிக்க வேண்டியதில்லை.

அவர் விரலால் மேசையில் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு, "அப்படியானால் முதல் முறை பஸ்ஸில் திரும்பலாமா, ஐயா?" என்று கேட்டார். தாராளமாக என்றேன். வளைவுகளை எண்ணிக்கொண்டு வாருங்கள், அடுத்த முறைக்கு உதவும் என்றேன்.