பஞ்சாயத்தில் தீர்த்தது கோர்ட்டில் தீராது

“அவங்களுக்குத் தீர்த்து விட்டாச்சு” என்று தோட்டத்தில் சொல்வார்கள். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் தலைவர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் மண்டோர் ஒருவர், இரண்டு தரப்புப் பெரியவர்கள். ஒரு வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதுவார்கள். இருவரும் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார்கள். நகை யாருக்கு, பாத்திரம் பண்டம் யாருக்கு, பிள்ளை யாரோடு என்பதெல்லாம் அங்கேயே முடிந்துவிடும். ரெங்கம், லாயாங் லாயாங், லாபிஸ், பெக்கோக் என்று ஜொகூர் முழுக்க நம் சனங்களுக்குப் பழக்கமான காட்சிதான் இது. சண்டை அதனால் அடங்கியிருக்கலாம். ஆனால் கல்யாணம் முறிந்ததா என்றால், இல்லை. 1982 மார்ச் 1-ஆம் தேதியிலிருந்து, முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தை முறிக்கும் அதிகாரம் உயர்நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. ஜொகூர்க்காரர்கள் அதற்கு ஜொகூர் பாருவுக்கோ மூவாருக்கோ போக வேண்டும்.

தாத்தா காலத்தில் இதனால் பெரிய நஷ்டம் வந்துவிடவில்லை. பிரித்துக் கொள்ள அப்போது என்ன இருந்தது? லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை நின்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே போக வேண்டியதுதான். ஐம்பது வருஷம் குடியிருந்தாலும் பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது. இன்று நிலைமை வேறு. தோட்டங்கள் கைமாறி, பால்மரக் காடுகள் செம்பனையாகி, செம்பனைக் காடுகள் தாமான்களாகி, நம்மவர்கள் கூலாய், ஸ்கூடாய், மாசாய், பாசீர் கூடாங் பக்கம் வந்துவிட்டார்கள். பேங்குக் கடனில் ஒரு மலிவு வீடு இருக்கிறது. இருபது முப்பது வருஷச் சேமநிதி இருக்கிறது. சொக்சோ இருக்கிறது. சிலரிடம், 1960-ல் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய பங்கும் இருக்கிறது. பாட்டாளிக்கும் சொத்து என்று ஒன்று வந்துவிட்டது. கூடவே, இவர் கண்ணை மூடினால் இதெல்லாம் யாருக்கு என்ற கேள்வியும் வந்துவிட்டது. அதற்குப் பதில் சொல்கிறவர் தோட்டத் தலைவர் இல்லை. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. அவர் பத்திரத்தைத்தான் கேட்பார்.

முதல் பத்திரம் கல்யாணப் பத்திரம். திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1976-ல் நிறைவேறி, 1982-ல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு, 1975-ல் என்று வைத்துக் கொள்ளுங்கள், தோட்டத்துக் கோயிலில் முறைப்படி தாலி கட்டிய பாட்டிக்குப் பயமில்லை. அந்தக் கல்யாணம் பதியப்பட்டதாகவே சட்டம் கருதுகிறது. 1982-க்குப் பின் நடந்த கல்யாணம் பதிந்தாக வேண்டும். “ஆயிரம் பேர் பார்க்கத் தாலி கட்டினானே, அது போதாதா?” என்று அக்காமார் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வழக்கப்படி நடந்த, பதியாத கல்யாணத்தைச் சில வழக்குகளில் நீதிபதிகள் ஏற்றுக் கொண்டிருக்கிறார்கள். சில வழக்குகளில் மறுத்திருக்கிறார்கள். ஆக, அது கோர்ட்டு வரை போய், காசு செலவழித்து, சாட்சி கூட்டி, தெய்வத்தை வேண்டிக்கொண்டு காத்திருக்கிற விஷயம். கணவன் இறந்த துக்கத்தில் இருக்கும் பெண்ணால் அதெல்லாம் முடியுமா? இருவரும் உயிரோடு இருக்கும்போதே தேசியப் பதிவு இலாகாவுக்குப் போனால் வேலை முடிந்தது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு போய்ப் பதிவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பிள்ளைகள் விஷயம் இதைவிடக் கடுமை. பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கு, நம் அரசியல் சட்டப்படி, குடியுரிமை தாயைப் பொறுத்துத்தான் வரும். தகப்பன் நீலக் கார்டு வைத்திருந்தாலும், தாயிடம் சிவப்புக் கார்டு மட்டும் இருந்தாலோ, பிறப்புப் பத்திரமே இல்லாமல் வளர்ந்தவளாக இருந்தாலோ, பிள்ளை நாடற்றதாகும் ஆபத்து உண்டு. பெற்றோர் பின்னால் பதிவு செய்துகொண்டால், சட்டபூர்வப் பிள்ளை என்ற அந்தஸ்தை 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தருகிறது. குடியுரிமைச் சிக்கலும் அதனால் தானாகத் தீர்ந்துவிடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

இனி பஞ்சாயத்துக்கே வருவோம். தாளில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்த ஆண் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான். கோயிலில் தாலியும் கட்டுகிறான். பதினைந்து வருஷம் ஓடுகிறது. இந்த இரண்டாமவள்தான் வீட்டுக் கடனுக்கும் உழைத்தவள், நோயில் விழுந்தபோது ஆஸ்பத்திரியில் பார்த்துக் கொண்டவள். அவன் உயில் எழுதாமல் இறந்தால் அவளுக்கு வாரிசுரிமை கிடையாது. சட்டமே அதை வெளிப்படையாகச் சொல்கிறது. கோர்ட்டில் முறியாத முதல் கல்யாணத்தின் மனைவி, எந்த ஊரில் இருந்தாலும், அவளே மனைவி. முதல் மனைவியைக் குறை சொல்லவும் முடியாது; அவளையும்தானே அந்தத் தாள் நடுத்தெருவில் விட்டது. நம் பஞ்சாயத்துகள் நல்லெண்ணத்தோடு நடந்தவைதான். ஆனால் அவை விட்டுப்போன முடிச்சை இரண்டு பெண்கள் நில அலுவலகத்தில் அவிழ்க்க வேண்டியிருக்கிறது.

சரி, கோர்ட்டில் எப்படி முறிப்பது? இருவரும் ஒத்துக்கொண்டால் கூட்டாகவே மனுப் போடலாம். அதுதான் சுலபமான வழி, செலவும் குறைவு. ஒருவர் மட்டும் கேட்டால், பெரும்பாலும் முதலில் பதிவு இலாகாவின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். அங்கே வழக்கறிஞர் உங்களுக்காக வந்து பேச முடியாது. நீங்களே உள்ளதைச் சொல்லலாம். சமரசம் ஆகவில்லை என்று அவர்கள் கொடுக்கும் சான்றுதான் கோர்ட்டுக்கு வழி. சமரசம் பேசிப் பார்க்கவும், சாட்சியாக நிற்கவும் நம் பெரியவர்களுக்கு இன்னும் இடம் இருக்கிறது. முடிவு எழுதும் இடத்தில்தான் இல்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகாமல், விசேஷக் கஷ்டம் இருந்தாலொழிய, மனுப் போட முடியாது. கையில் காசில்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவை நாடலாம். ஜொகூர் பாருவில் கிளை இருக்கிறது. வருமானத்தைப் பார்த்துத்தான் எடுத்துக் கொள்வார்கள், சம்பளச் சீட்டோடு போங்கள்.

பிள்ளையைப் பங்கு பிரிப்பதில் பஞ்சாயத்துக்கு ஒரு கணக்கு உண்டு: ஆண் பிள்ளை அப்பனோடு, பெண் பிள்ளை ஆத்தாளோடு. கோர்ட்டுக்கு அந்தக் கணக்கு கிடையாது. பிள்ளையின் நலன்தான் அங்கே முதலில் நிற்கும். ஏழு வயதுக்குள் இருக்கும் பிள்ளை தாயோடு இருப்பதே நல்லது என்று சட்டம் எடுத்துக் கொள்கிறது. ஆனால் அது மாற்ற முடியாத விதி இல்லை. தாயோடு இருப்பது பிள்ளைக்குக் கெடுதல் என்று காட்டினால் மாறும். சொந்தமாகச் சொல்லத் தெரிந்த வயது என்றால் பிள்ளையின் விருப்பத்தையும் பார்ப்பார்கள். இருக்கிற இடத்திலிருந்து பிள்ளையை அடிக்கடி பிடுங்கி நடுவதை நீதிபதிகள் விரும்புவதில்லை. கோபத்தில் மனைவி தாய் வீடு போனதும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தூக்கிப் போகும் அண்ணன்மார் இதை மனசில் வைக்க வேண்டும்.

ஒருவர் இஸ்லாத்தைத் தழுவிய குடும்பங்களில் சிக்கல் கூடுதல். ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி வழக்கில், பெற்றோரில் ஒருவர் மட்டும் தனித்துப் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29-ல் தீர்ப்புச் சொன்னது. அதைத் தனியாகத்தான் பேச வேண்டும், இங்கே போதும்.

பிள்ளை தாயிடம் இருக்கிறது என்பதால் தகப்பனின் பொறுப்பு போய்விடாது. 2018 டிசம்பர் 15 முதல் நடப்பில் உள்ள திருத்தப்படி, பதினெட்டு வயதோடு நின்றுவிடாமல், மேல்படிப்போ தொழிற்பயிற்சியோ முடியும் வரையிலும் ஜீவனாம்சம் கேட்கலாம். அதே திருத்தம் சொத்துப் பிரிப்பிலும் ஒரு நல்லது செய்திருக்கிறது: வீட்டைப் பார்த்து, பிள்ளை வளர்த்த உழைப்பையும், எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதையும் நீதிபதி கணக்கில் எடுக்க வேண்டும். “வீடு என் பேர்லதானே இருக்கு” என்ற பேச்சு மட்டும் இனி எடுபடாது. விவாகரத்து வேண்டாம், சோற்றுக்குத்தான் வழி வேண்டும் என்கிற பெண்ணுக்கும் சட்டம் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு ஜீவனாம்சச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கேட்கலாம். கொடுக்காமல் டிமிக்கி கொடுத்தால், முதலாளியே சம்பளத்தில் பிடித்து அனுப்பும்படி உத்தரவு வாங்க 1968-ல் வந்த சட்டம் உதவும்.

இனிச் சொத்து. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தை 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பிரிக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 60,000 வெள்ளி சொத்து விட்டுப் போகிறார். மனைவி, மூன்று பிள்ளைகள், வயதான அம்மா இருக்கிறார்கள். மனைவிக்குக் கால் பங்கு, 15,000. பிள்ளைகளுக்குப் பாதி, ஆளுக்கு 10,000. அம்மாவுக்குக் கால் பங்கு, 15,000. 1997 ஆகஸ்டு 31-ஆம் தேதிக்கு முன்பு, பிள்ளைகள் இருந்தால் பெற்றோருக்கு ஒரு காசும் கிடையாது. அந்தத் திருத்தம் நம் கிழங்களுக்கு இரங்கியது. தாய் தகப்பன் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. மனைவி இறந்தாலும் புருஷனுக்கு இதே கணக்குத்தான்.

இதே வீட்டில் கல்யாணம் பதியவில்லை என்று வையுங்கள். சட்டத்தில் “பிள்ளை” என்றால் சட்டபூர்வமாகப் பிறந்த பிள்ளை. கோர்ட்டு அந்தக் கல்யாணத்தை ஏற்காவிட்டால் 60,000 வெள்ளியும் கிழவிக்குப் போகிறது. மாமியார் நல்லவராக இருந்தால் பேரப் பிள்ளைகள் பிழைத்தார்கள். ஒரு குடும்பத்தின் முப்பது வருஷ உழைப்பை மாமியாரின் மனசை நம்பியா விடுவது?

வீடும் நிலமும் இருந்து, உயில் இல்லாமல் இறந்தவர் என்றால், வாரிசுகள் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். வீடு இருக்கும் வட்டாரத்தைக் கவனிக்கும் சிறுசொத்துப் பகிர்வுப் பிரிவில் பாரம் ‘ஏ’ கொடுத்தால் போதும். 20 லட்சம் வெள்ளி வரைதான் என்று இருந்த எல்லை 2024 ஜூலை 15 முதல் 50 லட்சமாகிவிட்டது. நம் மலிவு வீடு பழைய எல்லையையே தொட்டதில்லை. ஆகவே இந்தத் திருத்தத்தால் தோட்டக் குடும்பத்துக்குப் புதிதாக ஒன்றும் வரவில்லை. வழி எப்போதும் திறந்துதான் இருந்தது, போனவர்கள்தான் குறைவு. தாமதித்தால் என்ன ஆகும்? வாரிசாக இருந்த மகன் இறப்பான், அவன் மனைவி மக்கள் வாரிசாவார்கள். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் பினாங்கில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. அவர்களை எல்லாம் கூட்டிச் சேர்ப்பதற்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும். நிலநிதிச் சங்கப் பங்குகளும் இப்படித்தான். அப்பா சஞ்சியில் பிடித்துக் கட்டிய பங்கு, பிள்ளைகளுக்கே தெரியாமல் கிடக்கும். பழைய பெட்டியில் பங்குப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சேமநிதி மட்டும் தனிப் பாதை. முஸ்லிம் அல்லாதவர் யார் பெயரை வாரிசுதாரராகக் குறிப்பிட்டாரோ, பணம் நேரே அவர் கைக்குப் போகும். மேலே போட்ட கணக்கெல்லாம் அங்கே செல்லாது. விவாகரத்து ஆனதால் அந்தப் பெயர் தானாக அழியாது. கல்யாணம், பிரிவு, பிள்ளை பிறப்பு, எது நடந்தாலும் சேமநிதி வாரியத்துக்குப் போய்ப் பெயரைச் சரிபார்க்க வேண்டும், கட்டணம் ஒன்றுமில்லை. பாலம் தாண்டி வேலைக்குப் போய் நிரந்தரவாசி ஆனவர்களுக்கு அங்குள்ள மத்திய சேமநிதியில் விதி இது: கல்யாணம் செய்தால் முன்பு குறித்த பெயர் ரத்தாகும், விவாகரத்து செய்தால் ரத்தாகாது. சொக்சோவில் வேலை விபத்தில் இறந்தவரின் சார்ந்தோர் உதவியில், விதவைக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு. அங்கேயும் கேட்பது கல்யாணப் பத்திரம்தான்.

உயில் எழுத பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. பதினெட்டு வயது ஆகி, புத்தி சுவாதீனத்தோடு இருந்தால் போதும். கையெழுத்துப் போடும்போது இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். உயில்படி பங்கு பெறுகிறவரோ, அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக நிற்கக் கூடாது. மகனுக்கு வீடு எழுதும் உயிலில் மருமகள் சாட்சி போட்டால், உயில் நிற்கும்; மகனுக்கு எழுதியது மட்டும் விழுந்துவிடும். கல்யாணம் செய்தால் பழைய உயில் ரத்து. விவாகரத்து செய்தால் ரத்தாகாது, புதிதாக எழுத வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருந்தால், இருவரும் இல்லாமல் போனால் யார் வளர்ப்பது என்பதையும் அதிலேயே எழுதலாம். 1999-ல் வந்த திருத்தத்துக்குப் பின் தாய்க்கும் அதில் தகப்பனுக்குச் சமமான உரிமை. நிறைவேற்றுபவர் என்று ஒருவரைக் குறித்து, அசல் எங்கே இருக்கிறது என்று அவருக்குச் சொல்லி வையுங்கள். சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினால் வீடு மாறும்போது படத்தோடு போய்விடும்.